திருக்கழுக்குன்றத்தில் குடியேறுவது எப்படி? புது வேலைக்கு வருபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கல்பாக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அல்லது மகேந்திரா வேர்ல்டு சிட்டியில், மறைமலை நகரில், மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில், செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில். பணி ஆணை கைக்கு வந்ததுமே வீட்டில் எழும் கேள்வி, எங்கே குடியிருப்பது என்பதுதான். சென்னையிலிருந்து தினமும் வந்து போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், சில மாதங்களில் அந்தக் கணக்கைத் தாங்களே கிழித்துப் போடுகிறார்கள். அப்போது காதில் விழும் பெயர்களில் ஒன்று திருக்கழுக்குன்றம்.

இந்த ஊருக்கு மலைக்கோயிலைப் பார்க்க வந்து போவது வேறு, மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவது வேறு. புதிதாக வருபவர்கள் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் பார்த்துக்கொள்வது என்பதைப் படிப்படியாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. அடிப்படை விதி ஒன்றுதான்: முதலில் வழியைப் பிடியுங்கள், பிறகு வீட்டைப் பிடியுங்கள்.

ஊர் ஒரு பார்வையில்

திருக்கழுக்குன்றம் ஒரு பேரூராட்சி. அதே பெயரில் உள்ள வட்டத்துக்கும் தலைமையிடம். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அஞ்சல் குறியீட்டு எண் 603109.

வடமேற்கே செங்கல்பட்டு, கிழக்கே கடற்கரையில் மாமல்லபுரம், தென்கிழக்கில் கல்பாக்கம். மூன்றுமே ஏறக்குறைய 15 கி.மீ. தொலைவுதான். மூன்று சாலைகளும் வந்து சேரும் இடம் என்பதே இந்த ஊரின் பலம். ரயில் நிலையம் கிடையாது என்பது பலவீனம். ரயில் வேண்டுமென்றால் செங்கல்பட்டு சந்திப்புக்குப் போக வேண்டும்.

வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், அரசுப் பள்ளிகள், வங்கிகள் எல்லாம் உள்ளூரிலேயே உண்டு. பெரிய துணிக்கடை, பெரிய மருத்துவமனை என்றால் செங்கல்பட்டு. அதற்கும் மேல் என்றால் தாம்பரம்.

படி 1: வேலை எந்தத் திசையில் என்று பாருங்கள்

வரைபடத்தில் தெரியும் தூரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். பஸ் எத்தனை முறை மாற வேண்டும் என்பதுதான் உண்மையான தூரம்.

*கல்பாக்கம்.* இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971-ல் தொடங்கியது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984-லும் இரண்டாவது 1986-லும் உற்பத்திக்கு வந்தன. வேக ஈனுலைக்காக 2003-ல் பாவினி நிறுவனம் அமைக்கப்பட்டது. அணுசக்தித் துறை ஊழியர்களுக்குக் கல்பாக்கத்திலும் அணுபுரத்திலும் நகரியக் குடியிருப்புகள் உண்டு. துறையின் நேரடி ஊழியராக இருந்தால், வெளியே வீடு தேடுவதற்கு முன் குவார்ட்டர்ஸ் கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். ஒப்பந்த நிறுவனத்தின் மூலம் வருபவர்களுக்கு அந்த வசதி இராது. அவர்களுக்குத் திருக்கழுக்குன்றம் நல்ல தேர்வு. அணுபுரம் இந்த ஊருக்கும் கல்பாக்கத்துக்கும் இடையில்தான் இருக்கிறது.

*மகேந்திரா வேர்ல்டு சிட்டி, மறைமலை நகர்.* செங்கல்பட்டுவரை பஸ். அங்கிருந்து தாம்பரம் மார்க்க மின்சார ரயிலில் முதல் நிறுத்தம் பரனூர்; வேர்ல்டு சிட்டிக்கு அங்கே இறங்க வேண்டும். அதையடுத்து சிங்கப்பெருமாள் கோயில், அதற்கடுத்து மறைமலை நகர். ஒரு பஸ், ஒரு ரயில் என்ற அளவில் சமாளிக்கலாம். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து செங்கல்பட்டில் இறங்கும்போது ஊருக்குப் பஸ் இருக்குமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*மாமல்லபுரம்.* ஓட்டல், ரிசார்ட், சிற்பக்கூடம், அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரி ஆகியவற்றில் வேலை என்றால் நேர் பஸ் உண்டு. கடற்கரை ஊரைவிட இங்கே வாடகை பொதுவாகக் கட்டுப்படியாகும்.

*சிறுசேரி, பழைய மாமல்லபுரம் சாலை.* திருப்போரூர் வழியாகப் போகலாம். ஆனால் நிறுவனத்தின் வண்டி இந்தப் பக்கம் வராவிட்டால் திருப்போரூரிலோ கேளம்பாக்கத்திலோ வீடு பார்ப்பது நல்லது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சேரும் முன்பே மனிதவள அலுவலரிடம் கம்பெனி பஸ் திருக்கழுக்குன்றத்துக்கு வருகிறதா, எந்த பாயிண்டில் நிற்கும், எந்தெந்த ஷிப்டுக்கு வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பஸ் இருக்கு சார்" என்ற வாய்ப்பேச்சு செங்கல்பட்டு வரை மட்டும் வரும் பஸ்ஸையும் குறிக்கலாம்.

படி 2: முதல் மாதம் வீடு எடுக்காதீர்கள்

லாட்ஜ், மேன்ஷன், நண்பரின் அறை, உறவினர் வீடு என்று எங்காவது தங்கி முதல் மாதத்தை ஓட்டுங்கள். குடும்பத்தை அழைத்து வர அவசரம் வேண்டாம். இந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டியவை:

- உங்கள் ஷிப்ட் நேரத்திலேயே பஸ்ஸில் போய் வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போய்ப் பார்த்தால் எதுவும் தெரியாது.
- கடைசி பஸ் எப்போது என்று நடத்துநரிடமும் பேருந்து நிலையத்து டீக்கடையிலும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நம்பலாம்.
- பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பயணம் இலவசம். உங்கள் தடத்தில் அந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்துக்கொண்டால் மாதச் செலவு கணிசமாகக் குறையும்.
- இரு சக்கர வண்டியில் போவதாக இருந்தால் இருட்டிய பிறகு ஒருமுறை அந்தச் சாலையில் ஓட்டிப் பாருங்கள். விளக்கில்லாத வளைவுகளும் குறுக்கே வரும் மாடுகளும் பகலில் கணக்கில் வராது.

படி 3: எந்தத் தெரு?

ஊரின் நடுவே பக்தவத்சலேசுவரர் கோயில். எல்லோரும் தாழக்கோயில் என்பார்கள். அதைச் சுற்றி மாடவீதிகள். மேலே மலையில் வேதகிரீசுவரர். மலையடிவாரத்தைச் சுற்றிக் கிரிவலப் பாதை. கிழக்கே சங்கு தீர்த்தக் குளம். இந்த அமைப்பு மனதில் பதிந்துவிட்டால் வீடு தேடுவது எளிது.

மாடவீதிகளிலும் சன்னதித் தெருவிலும் கடை, கோயில், பஸ் எல்லாம் நடை தூரம். ஆனால் திருவிழா நாட்களில் வண்டியை வெளியே எடுக்க முடியாது. பழைய வீடுகள் நீளமாகவும் காற்றோட்டம் குறைவாகவும் இருக்கும். செங்கல்பட்டு சாலை, கல்பாக்கம் சாலை ஓரங்களில் புது மாடி போர்ஷன்கள் கிடைக்கும். வண்டி நிறுத்த இடம் இருக்கும். ஆனால் பாலுக்கும் காய்கறிக்கும் வண்டியெடுக்க வேண்டும். அடிவாரத்தை ஒட்டிய வீடுகளில் குரங்குத் தொல்லை உண்டா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். மொட்டை மாடியில் துணி காயப்போட்டிருப்பதைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

கோயிலைச் சுற்றிய தெருக்களில் "சைவமா?" என்ற கேள்வி வரும். கல்யாணமாகாதவர்களிடம் "எத்தனை பேர் தங்குவீங்க?" என்று துருவுவார்கள். சில வீட்டுக்காரர்கள் அதற்கும் மேலே போய்ச் சாதியைத் தெரிந்துகொள்ளப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வீட்டைப் பார்க்கப் புறப்படலாம். உணவு விஷயத்தை மட்டும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

படி 4: வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை

வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட, அதே வளாகத்தில் குடியிருப்பவரிடம் கேளுங்கள். "அக்கா, மே மாசம் தண்ணி வருமா?" என்ற ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலை எந்த புரோக்கரும் தரமாட்டார்.

- *தண்ணீர்.* போர் தண்ணீரா, பேரூராட்சிக் குழாயா? எத்தனை நாளைக்கு ஒரு முறை? சம்ப் தனியா, பொதுவா? கடலோர வட்டாரம் என்பதால் நிலத்தடி நீர் இடத்துக்கு இடம் மாறும். ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கேன் தண்ணீர்ச் செலவையும் வாடகையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.
- *மின்சாரம்.* உங்கள் போர்ஷனுக்குத் தனி இ.பி. இணைப்பு உண்டா, அல்லது வீட்டுக்காரர் வைத்த துணை மீட்டரா? மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறது. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே உயர்ந்துவிடும். இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் இலவச யூனிட் ஒரு பங்குதான். எல்லையும் சீக்கிரம் தாண்டும்.
- *மழைநீர்.* சுவரில் அடியிலிருந்து ஓர் அடி உயரத்துக்குக் கறை இருக்கிறதா? புதிதாக அந்த உயரத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.
- *செல்போன் சிக்னல்.* உள்ளறையில் நின்று பேசிப் பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் உண்டென்றால் கம்பிவழி இணையம் அந்தத் தெருவுக்கு வருகிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

படி 5: அட்வான்ஸ், ஒப்பந்தம், போக்கியம்

சென்னைப் பழக்கத்தில் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பவர்கள் இங்கும் உண்டு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டம், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. பேரம் பேசும்போது உங்கள் கையில் ஒரு துருப்பு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

ஒப்பந்தத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: வாடகை, அது எப்போது, எவ்வளவு ஏறும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். குடிபுகும் நாளில் சுவர், குழாய், கதவு, மீட்டர் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது எழும் தகராறுகளில் பாதி அதிலேயே தீரும்.

போக்கியம் அல்லது லீஸ் என்று மொத்தமாகச் சில லட்சங்களைக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருக்கும் முறையும் இந்த வட்டாரத்தில் உண்டு. மாத வாடகை மிச்சம் என்று மயங்க வேண்டாம். வீட்டின் பேரில் வங்கிக் கடன் இருந்து அது கட்டப்படாமல் போனால், வீடு ஏலத்துக்குப் போகும். உங்கள் பணம் நடுத்தெருவில் நிற்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, போக்கியப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஊருக்கு வந்த முதல் ஆண்டில் போக்கியமே வேண்டாம் என்பது என் கருத்து.

படி 6: காகித வேலைகள், முன்னுரிமை வரிசையில்

1. *வேலை தொடர்பானவை.* பழைய வேலையில் வருங்கால வைப்புநிதி இருந்தால் அதே யூ.ஏ.என். எண்ணைப் புது நிறுவனத்தில் கொடுங்கள். இன்னொன்று உருவாக்க விடாதீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கும், உங்கள் மருந்தகத்தைப் புது வீட்டுக்கு அருகில் மாற்றிக்கொள்ளுங்கள். கல்பாக்கத்து வளாகங்களில் ஒப்பந்த வேலை என்றாலும் நுழைவு அனுமதிக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு கேட்பார்கள். அதற்கு நாளாகும், சொந்த ஊரிலேயே தொடங்கிவிடுவது நல்லது.
2. *சமையல் எரிவாயு.* பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கி வாருங்கள். அதைக் காட்டினால் இங்கே பழைய டெபாசிட் அடிப்படையில் இணைப்பு கிடைக்கும். சீட்டை மறந்துவிட்டு வந்தால் வெளியில் சிலிண்டர் தேடி அலைய வேண்டியிருக்கும்.
3. *ஆதார், குடும்ப அட்டை.* வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் ஆதார் முகவரியை மாற்றலாம். அதன் பிறகு குடும்ப அட்டையில் முகவரி மாற்றம். இணையத்திலோ இ-சேவை மையத்திலோ செய்யலாம்.
4. *வாக்காளர் பட்டியல்.* இடம் மாறியவர்களுக்குப் படிவம் 8. ஊர் திருப்போரூர் சட்டமன்றத் தொகுதியில் வருகிறது.
5. *வண்டி.* தமிழ்நாட்டுப் பதிவு எண் என்றால் அவசரமில்லை. வெளிமாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடப்போகிறது என்றால் தடையில்லாச் சான்று வாங்கி மறுபதிவு செய்ய வேண்டும்.

படி 7: பள்ளியும் மருத்துவமும்

பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழோடு எமிஸ் எண்ணையும் கேட்டு வாங்கி வாருங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சேர்க்கை அதைக் கொண்டுதான் நகர்கிறது. அணுசக்தி மத்தியப் பள்ளிகள் கல்பாக்கத்திலும் அணுபுரத்திலும் இருக்கின்றன. துறை ஊழியர்களின் பிள்ளைகளுக்கே அங்கே முன்னுரிமை. மற்றவர்கள் அதை நம்பி வீடு பார்க்கக் கூடாது. தனியார் பள்ளி என்றால் வேன் உங்கள் தெருவுக்கு வருமா என்பதைக் கட்டணத்துக்கு முன்பே கேளுங்கள்.

சாதாரணக் காய்ச்சல், சளிக்கு உள்ளூர் மருத்துவர்கள் போதும். அறுவை சிகிச்சை, விபத்து, சிக்கலான பிரசவம் என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் இந்த வட்டாரத்துக்கே பெரிய ஆதாரம். அக்கல்லூரி 1965-ல் தொடங்கப்பட்டது. வயதான பெற்றோரை அழைத்து வருவதாக இருந்தால், அவர்களின் மருத்துவக் கோப்புகளோடு ஒருமுறை அங்கே போய்ப் புறநோயாளிப் பிரிவைப் பார்த்து வையுங்கள். அவசர நேரத்தில் வழி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

படி 8: ஊர் நாட்காட்டியைப் படியுங்கள்

உங்கள் அலுவலகம் தேதியில் ஓடும். ஊர் திதியில் ஓடும். இதைப் புரிந்துகொள்ளாத புதியவர்கள்தான் பௌர்ணமி மாலையில் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு புலம்புகிறார்கள்.

பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்குக் கூட்டம் வரும். சித்திரையில் பெருவிழா, தேரோட்டம். திரிபுரசுந்தரி அம்மனுக்கு முழு அபிஷேகம் நடப்பது ஆடிப்பூரம், நவராத்திரி நிறைவு, பங்குனி உத்திரம் ஆகிய நாட்களில் மட்டும் என்பதால் அன்றும் நெரிசல் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை சங்கு தீர்த்தத்தில் சங்கு பிறக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. அதை ஒட்டிய நாட்களில் ஊர் கொள்ளாத கூட்டம் திரளும்.

ஊருக்கு வெளியேயும் ஒரு நாட்காட்டி உண்டு. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய நாட்களில் பரனூர் சுங்கச்சாவடி அருகே ஜி.எஸ்.டி. சாலை திணறும். காணும் பொங்கலன்றும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாமல்லபுரம் பக்கம் போகாமலிருப்பதே புத்திசாலித்தனம். ஜனவரி தொடக்கத்திலேயே பஞ்சாங்கத்தை எடுத்து, இந்த நாட்களை உங்கள் ஷிப்ட் அட்டவணையில் வட்டமிட்டுவிடுங்கள். விடுப்பு கேட்பதற்கும் ஷிப்டை மாற்றிக்கொள்வதற்கும் நேரம் கிடைக்கும்.

படி 9: மழை, புயல், அவசரகாலம்

அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. 2004 சுனாமியில் கல்பாக்கம் கடற்கரை உயிர்களைப் பறிகொடுத்தது. திருக்கழுக்குன்றம் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருப்பதால் அலைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் காற்றுக்கும் மின்வெட்டுக்கும் தயாராக வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் டார்ச், பவர் பேங்க், ஒரு வாரத்துக்கு அரிசி பருப்பு, பால் பவுடர், மருந்துகள் வாங்கி வைத்துவிடுங்கள். ஏரிகள் நிறைந்த மாவட்டம் இது. ஏரி நிரம்பினால் உபரி நீர் எந்த வழியாகப் போகும் என்று பழைய ஆட்களிடம் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். அந்தப் பாதையில் வீடு எடுக்காதீர்கள்.

அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கி.மீ. ஆரத்துக்குள் உள்ள இடம் அவசரகாலத் திட்டப் பகுதியாகக் கருதப்படுகிறது. மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது ஒத்திகை நடத்தும். ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்டுப் பதற வேண்டாம்; ஒத்திகையா என்று விசாரித்து, எங்கே கூட வேண்டும், எந்த வழியில் வெளியேற வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பயப்படுவதைவிடத் தெரிந்துவைப்பது மேல்.

படி 10: மனை வாங்கும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள்

வந்த சில வாரங்களிலேயே யாராவது ஒருவர் மனைப் பிரிவு நோட்டீசை நீட்டுவார். வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டிச் சாப்பாடும் போடுவார்கள். முதல் ஆண்டு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். ஒரு மழைக்காலம் முடிந்தால்தான் எந்த மனை மனையாக இருக்கிறது, எது குளமாகிறது என்று தெரியும்.

அப்புறமும் வாங்குவதானால்: பட்டா யார் பேரில்? வில்லங்கம் என்ன சொல்கிறது? ஏரிப் புறம்போக்கோ கோயில் நிலமோ கலந்திருக்கிறதா? கோயில் ஊர்களில் மனை கோயிலுடையதாகவும் கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையதாகவும் இருப்பது சகஜம். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். எண் இல்லையென்றால் பேச்சும் இல்லை.

யாருக்கு ஏற்ற ஊர்?

கல்பாக்கத்திலோ மாமல்லபுரத்திலோ செங்கல்பட்டிலோ வேலை. பகல் ஷிப்ட் அல்லது வீட்டருகே வரும் கம்பெனி பஸ். அமைதியான ஊரும் கட்டுப்படியான வாடகையும் வேண்டும். இவை பொருந்தினால் தயங்காமல் வாருங்கள். கணவனுக்குக் கல்பாக்கத்திலும் மனைவிக்குச் செங்கல்பட்டிலும் வேலை என்ற வீடுகளுக்கு இதைவிட வசதியான நடு இடம் இந்த வட்டாரத்தில் இல்லை.

வேலை தாம்பரத்துக்கு வடக்கே என்றால் இங்கே வராதீர்கள். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பாருங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஷிப்ட் முடிந்து, கம்பெனி வண்டியும் இல்லையென்றால், எவ்வளவு நல்ல வீடு கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாடகையில் மிச்சமாவதை ஆட்டோவுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் வாழ்க்கை ஆறு மாதம்கூடத் தாங்காது.